கழுத்துக்குக் கீழே ஓநாய்

செவ்வாய்க் குடியேற்றத்தில் திங்கட்கிழமை என்றால் படம் அழிக்கும் நாள். நினைவுக்கிடங்கில் இடம் குறைவு; ஒரு கதைக்கு ஒரு பிரதிதான். பழைய கதையை யாராவது புதிதாக எடுத்துவிட்டால் இரண்டையும் ஒரு வாரம் ஓடவிடுவார்கள். எந்தப் படம் எத்தனை உடம்பை உலுக்கியது என்று, எல்லோர் காதுக்குப் பின்னாலும் அரிசியளவில் பதித்திருக்கும் உணர்மணி கிடங்குக்குச் சொல்லும். தோற்றதைத் துடைத்துவிடுவார்கள். அதற்காக அங்கே யாரும் அழுததில்லை.

அருளரசுக்கு இந்த வாரம் அழுகை வரும் போலிருந்தது. எண்பத்து மூன்று நிமிடக் கருப்பு வெள்ளைப் படமான ‘பௌர்ணமி வாசல்’ அவன் உயிர். அதில் ஓநாய் மனிதனைக் காட்டவே மாட்டார்கள். கதவிடுக்கில் ஒரு நிழல் வந்து நிற்கும், அவ்வளவுதான். அதைத்தான் இப்போது மூவாயிரம் கோடியில் மறுபடி எடுத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலையிலேயே கிடங்குக்குப் போய், கவுண்டரில் இருந்த தமயந்தியிடம் நாற்பத்தொரு பக்க மனுவை நீட்டினான்.

“புதுப் படத்தோட குறைங்க மேடம். நிமிஷக் கணக்கோட எழுதியிருக்கேன்.”

அவள் புரட்டினாள். “ஓநாய்க்கு மூஞ்சில முடியே இல்லையா?”

“ஹீரோ முகத்தை மறைச்சா ரசிகர் மன்றம் ஒத்துக்காதாம். கழுத்துக்குக் கீழ ஓநாய், மேல ஷேவ் பண்ணின மூஞ்சி. அந்த முடியும் எண்ணெய் தேய்ச்சு வாரினாப்ல இருக்கு. கதையை வேற இங்க கொண்டுவந்துட்டாங்க. நம்ம போபோஸ் நிலா ஒரு நாளைக்கு மூணு தடவை சுத்துதா, இவனும் மூணு வேளை மாறுறான், சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரை போடுற மாதிரி. ஊளைக்கு முன்னாடி அம்மா பாட்டு. குமட்டிக்கிட்டு வந்துச்சு மேடம்.”

“தெரியுது,” என்று திரையை அவன் பக்கம் திருப்பினாள். “உங்க உணர்மணி சொல்லுது. குடல் புரட்டல், பல் நறநறப்பு, ரத்தக் கொதிப்பு. நாலு தடவை பார்த்திருக்கீங்க, நாலுலயும் உச்சம்.”

“ஒரு தடவை பார்த்தா எல்லாக் குறையும் சிக்குமா?”

“உடம்பு ஆடுச்சான்னுதான் சார் மணி பார்க்கும். ஏன்னு கேக்காது. ஊர்ல பாதிப் பேர் உங்களை மாதிரிதான், திட்டுறதுக்குன்னே ரெண்டு மூணு தடவை. மொத்தம் பதினோரு லட்சம் பார்வை.”

“பழசு?”

“பூஜ்யம்.”

“எல்லாரும் அதைத்தானே புகழ்ந்தாங்க.”

“புகழ்ந்தாங்க. பார்க்கலை. நீங்களும்தான்.”

“எனக்கு அது மனப்பாடம்,” என்றான். குரல் உள்ளே போயிருந்தது.

தமயந்திக்குப் பாவமாகிவிட்டது. “பன்னெண்டுக்குத்தான் அழிப்போம். அதுக்குள்ள ஒரு ஆள் முழுசாப் பார்த்து லேசா சிலிர்த்தாக்கூட ஒரு வாரம் தள்ளிவைக்க விதி இருக்கு. உள்ளே உக்காருங்க, போட்டுவிடுறேன்.”

அருளரசு நன்றி சொல்லி உட்கார்ந்தான். விளக்கு அணைந்தது. பட்டத்தின் தலைப்பெழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் கைத்திரை மினுங்கியது: புது ஓநாய்ப் படத்தின் இரண்டாம் பாக முன்னோட்டம் வெளியாகிவிட்டது; இம்முறை ஹீரோவுக்கு இரட்டை வேடம்.

“த்தூ,” என்று எழுந்தான். “ரெண்டு நிமிஷம்தான் மேடம். இந்தக் கண்றாவியை எவனாவது கேக்கணும் இல்லையா?”

பன்னிரண்டு அடித்தபோது அவன் வராந்தாவில் நின்று முன்னோட்டத்தை ஆறாவது தடவையாக ஓடவிட்டு, தம்பி ஓநாயின் வகிடு இடப்பக்கமா வலப்பக்கமா என்று குறித்துக்கொண்டிருந்தான்.