திருஷ்டிக்கு ஒரு பூட்ஸ்

"அய்யோ... படிக்குக் கீழ ஆளு கெடக்குது!"

காலை ஷிஃப்டுக்கு வந்த பெண்களின் அலறல் ஆம்பூர் பைபாஸ் வரை கேட்டது.

ஷூ ஃபேக்டரியின் பின்பக்க இரும்புப் படிக்கட்டு. அதன் அடியில் மல்லாந்து கிடந்தான் ஜெஸ்டன். சரக்கின் தரம் பார்க்கும் செக்கர். கழுத்து, திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

இன்ஸ்பெக்டர் மேகலா குனிந்து பார்த்தாள். நிமிரும்போது முதுகு வலித்தது.

பிணத்தைப் பார்த்துப் பயந்த காலம் ஒன்று இருந்தது. இப்போதெல்லாம் முதலில் தோன்றுவது, இன்றைக்கும் மதியச் சாப்பாடு போச்சு என்பதுதான். அப்படித் தோன்றுவதற்காக வெட்கப்படுவதையும் போன வருஷத்தோடு நிறுத்திவிட்டாள்.

"வழுக்கி விழுந்துட்டான் மேடம். நேத்து சாயந்திரம் மழை... படி முழுக்க ஈரம்."

சொன்னவர் மேனேஜர் புகழேந்தி. மடிப்புக் கலையாத சட்டை. சிவந்த கண்கள்.

"நீங்க பாத்தீங்களா?"

"நான் சென்னையில இருந்தேன் மேடம்! சரக்கு வாங்கற பையரோட ஆளைப் பாக்கப் போனேன். இப்பதான் வந்து எறங்கறேன்."

"வாசல்ல நிக்கிற கண்டெய்னர்?"

"அதைப் பத்திதான் சொல்ல வந்தேன். உக்ரைனுக்குப் போற பூட்ஸ். போலந்துல ஒரு சங்கம் ஊர் ஊரா நிதி திரட்டி, அங்க சண்டை போடற சோல்ஜருங்களுக்கு வாங்கி அனுப்பறாங்க. நல்ல காரியம் மேடம். லேட்டானா கப்பல் போய்டும்..."

மேகலாவின் செல்போன் அலறியது.

டி.எஸ்.பி.!

"மேகலா, இன்னாம்மா அங்க? வழுக்கி விழுந்தவனுக்கு எவ்ளோ நேரம்? முடிச்சுட்டு லாரியை அனுப்பு. மேலருந்து போன் மேல போன்... பேஜாரா இருக்குது."

"சரிங்க சார்."

சரிங்க சார். இந்த இரண்டு வார்த்தைகளை எத்தனை முறை சொல்லியிருப்பாள்! சொல்லிச் சொல்லி நாக்கே காய்த்துப்போயிருந்தது.

ஜீப்பை நோக்கி நடந்தாள்.

"மேடம், இங்க வந்து பாருங்களேன்!" கான்ஸ்டபிள் கௌசர் சிரித்தாள். "ஷூ ஊருன்னா ஷூ ஊருதான். திருஷ்டிக்குக் கூட புது பூட்ஸைக் கட்டி வெச்சிருக்காங்க!"

கண்டெய்னர் லாரியின் பின்னால், பம்பருக்குக் கீழே, கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது ஒற்றை பூட்ஸ்.

மேகலா நின்றாள்.

பிய்ந்த செருப்பைக் கட்டுவார்கள். தேய்ந்த செருப்பைக் கட்டுவார்கள். கண் படாமலிருக்கப் புது பூட்ஸைக் கட்டும் டிரைவர் எந்த ஊரில் இருக்கிறான்?

"டிரைவர் யாருப்பா?"

"நான்தாம்மா... ரத்தினசாமி." பீடியை அவசரமாகக் காலடியில் போட்டார்.

"புது பூட்ஸை எதுக்குக் கட்டினே?"

"புதுசா? நல்லா சொன்னீங்க போங்க! லோடிங்ல ஒரு ஜோடி குடுத்தாங்க, போட்டுக்கோன்னு. நேத்து மழையில போட்டுக்கினு டீக்கடைக்குப் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள இது வாயப் பொளந்துடுச்சு! பிஞ்சதை இன்னா பண்றது? கட்டிட்டேன்."

மேகலா கயிற்றை அவிழ்த்தாள்.

அடிப்பாகம் நாக்கைப் போலத் தொங்கியது. உள்ளே, தோல் இருக்க வேண்டிய இடத்தில்... அட்டை! நனைந்த அப்பளம் மாதிரி விரலோடு வந்தது.

"அல்லா!" என்றாள் கௌசர். "இதைப் போட்டுக்கினு பனியிலயா நிப்பாங்க?"

ஒரு கையில் பூட்ஸோடு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேகலா டி.எஸ்.பி.யைக் கூப்பிட்டாள்.

"அட்டையோ தோலோ, வாங்கினவன் கம்ப்ளைண்ட் குடுக்கட்டும்" என்றது போன். "அது யாவாரம். நமக்கு இன்னா? கொலைன்னா சொல்லு, புடிச்சு வெக்கலாம். கொலையா?"

"சாட்சி இல்ல சார்."

"அப்பறம் இன்னா? அனுப்பு!"

லைன் அறுந்தது.

ரத்தினசாமி இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். புகழேந்தியின் தோள்கள் மெல்ல இறங்கின. கண்டெய்னர் உறுமிக்கொண்டு கேட்டை நோக்கி நகர்ந்தது...

"நிறுத்துங்க!"

கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஐம்பதைத் தொடும் வயது. ஏப்ரனில் நூல் பிசிறுகள். தையல் பிரிவு சூப்பர்வைசர் ஜெயபுஷ்பம்.

நேராக மேகலாவிடம் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"அவன் வழுக்கி விழல மேடம். நான்தான் தள்ளினேன்."

மேகலா அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"இன்னாம்மா சொல்றே?"

"எம் பொண்ணு அக்சா அந்த உக்ரைன்லதான் டாக்டருக்குப் படிச்சா. கார்கிவ்னு ஒரு ஊருல. குண்டு போட்டப்ப அவளைப் பாதாள அறையில வெச்சு சோறு போட்டாங்க அந்த வீட்டுக்காரம்மா. ரயில் ஏத்தறப்ப, பனியில எம் பொண்ணு கேன்வாஸ் ஷூவோட நிக்கறாளேன்னு தன் கால்ல இருந்த பூட்ஸைக் கழட்டிக் குடுத்தாங்க." ஜெயபுஷ்பத்தின் குரல் ஒரே மாதிரி இருந்தது, மனப்பாடமான ஜெபத்தைச் சொல்பவளைப் போல. "அந்த சனங்களுக்கு அட்டையில பூட்ஸ். ஜெஸ்டன் எல்லாம் தெரிஞ்சே ஓகே பண்ணிட்டான். நேத்து சாயந்திரம் மாடியில வெச்சுக் கேட்டேன். சிரிச்சான். பின்னாலருந்து ஒரே தள்ளு!"

அவள் கைகள் நடுங்கவில்லை. அதுதான் மேகலாவை உறுத்தியது.

ஆனாலும் சட்டம், சட்டம்தான்.

"கௌசர்! லாரியை நிறுத்து. இந்த பூட்ஸாலதான் கொலை. கண்டெய்னர் மொத்தமும் கேஸ் ப்ராபர்ட்டி. கோர்ட் சொல்ற வரைக்கும் ஸ்டேஷன்ல நிக்கட்டும்."

"மேடம்!" புகழேந்தி பாய்ந்து வந்தார். "இவ சொல்றது சுத்தப் பொய்! கண்டெய்னரைப் புடிச்சீங்கன்னா நான் காலி!"

"அந்தம்மாவே ஒத்துக்கறாங்களே?"

"எப்படி மேடம் ஒத்துக்குவா? இவ ஷிஃப்ட் முடிஞ்ச உடனே பஸ் ஏறிட்டா! ஜெஸ்டனைப் பின்னாலருந்து தள்ளவே முடியாது! அவன் என்னைப் பாத்துக்கினு, முதுகைப் படிக்குக் காட்டிக்கினு... போட்டோ எடுத்து போலந்துக்கு அனுப்பிட்டுத்தான் மறுவேலைன்னு..."

சட்டென்று பேச்சை நிறுத்தினார்.



"சொல்லுங்க சார்..." மேகலாவின் குரலில் வெற்றி இல்லை; வேலை முடியப்போகிற அலுப்புதான் இருந்தது. "சென்னையிலருந்து இவ்ளோ தெளிவாத் தெரிஞ்சுதா?"

புகழேந்தி பின்னால் ஓர் எட்டு வைத்தார்.  கௌசரின் கை அவர் தோளில் விழுந்தது.

மேகலா மெதுவாக ஜெயபுஷ்பத்தின் பக்கம் திரும்பினாள்.

"எதுக்கும்மா பொய் சொன்னே?"

"வழுக்கி விழுந்தான்னா லாரி போய்டும். கொலைன்னாதான மேடம் நிக்கும்?" முதல் முறையாக அவள் கண்கள் கலங்கின. "நல்ல பையன் மேடம் ஜெஸ்டன். ஓகே பண்ண மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னான். செத்தவன் மேல பழி போட்டுட்டேன்... கர்த்தர் மன்னிக்கணும்."

"நெசமாவே உன்னை உள்ள வெச்சிருந்தா?"

"வேலூர் ஜெயில்தான மேடம்? அக்சா அங்கதான் ஆஸ்பத்திரியில வேலை பாக்கறா. டவுன் பஸ்லயே வந்து பாத்துட்டுப் போவா."

மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

கேட்டுக்கு வெளியே பெண்கள் கூட்டம் அப்படியே நின்றது. நாளைக்கு இவர்களுக்கு வேலை இருக்குமா? அதற்கு எந்தச் சட்டப் பிரிவிலும் பதில் இல்லை.

"தோல் குடுக்கச் சொல்லுங்க மேடம்." ஜெயபுஷ்பம் ஏப்ரனால் கண்ணைத் துடைத்தாள். "எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி தைச்சுடறோம். அந்த ஊரு பனிக்கு நம்ம தையல் தாங்கும்."

ஜீப்பில் ஏறும்போது புகழேந்தி திரும்பிப் பார்த்தார்.

"மேடம்... கோபத்துல ஒரே ஒரு தள்ளு... அவ்ளோதான். தெரியாம நடந்துடுச்சு. எனக்கு இன்னா ஆகும் மேடம்?"

மேகலா கதவை அறைந்து சாத்தினாள்.

"கவலையே படாதீங்க சார். உங்க பூட்ஸுக்குத்தான் ஒரு மழைகூட கேரண்டி கெடையாது... உங்களுக்கு வேலூர்ல ஆயுள் கேரண்டி!"