கடைசிச் சுற்றில் ஒரு நூற்பாலை

கடைசிச் சுற்று தொடங்கியதுமே நவநீதன் தன் நூற்பாலையில் இருந்த அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினான். இயந்திரங்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டான். கழிவுப் பஞ்சில் திரித்ததை முதல்தர நூல் என்று விற்றான். அவனுடைய மெய்நிகர் கண்கவசத்துக்குள், கணினி உருவாக்கிய நிழலாட்கள் ஆலை வாசலில் நின்று அழுதார்கள். அழுகை தத்ரூபமாக இருந்தது. 'தொழிற்களம்' என்ற இந்தக் கணினி ஆட்டம் அரசு விருது வாங்கியதே அதற்காகத்தான்.

ஈரோட்டில் நவநீதன் படித்த கல்லூரியின் முதலாண்டு வணிகவியலுக்குப் புத்தகம் கிடையாது. இந்தப் பாவனை ஆட்டம்தான் பாடம். அதை வடிவமைத்த பேராசிரியர் மரகதவல்லி அருகில் வந்தார்.

"ஏப்பா, ஆலையே போச்சே?"

"ஆட்டமே முடியுதுங்க மேடம். இனி ஆலை எதுக்குங்க?"

"நான் கூமுட்டையாட்டம் சம்பளத்த ஏத்திட்டு இருந்தேன்டா," என்றான் பக்கத்தில் இருந்தவன்.

இறுதியில் கையிருப்பை மட்டுமே களம் எண்ணும். நவநீதனுக்கு நூற்றுக்கு நூறு. ஓட்டை எங்கே என்று மரகதவல்லிக்குத் தெரியும். எது கடைசிச் சுற்று என்றே தெரியாதபடி ஆட்டத்தை நீட்டினால் போதும். ஆனால் மணி அடித்தால் அடுத்த வகுப்புக்கு அறையைக் கொடுக்க வேண்டுமே! 'மாணவர்கள் துணிந்து முடிவெடுக்கிறார்கள்' என்று அறிக்கை எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். மாநிலம் முழுக்கக் களம் பரவியது.

பல ஆண்டுகள் கழித்து, அதே கல்லூரியின் அறக்கட்டளை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஒரு நிர்வாகியை அமர்த்தியது. நவநீதன்தான். மூன்றாம் ஆண்டில் ஆய்வகங்கள் விலைபோயின, மைதானம் கிடங்கானது, ஆசிரியர்கள் எல்லோருக்கும் பணிநீக்க ஆணை வந்தது. தன் ஆணையுடன் மரகதவல்லி அவன் அறைக்குப் போனார்.

"வாங்க மேடம், உக்காருங்க. எல்லாம் உங்க களத்துல கத்துக்கிட்டதுதானுங்க." குரலில் உண்மையான குருபக்தி.

"இந்த வயசுல நான் எங்க போய் வேலை தேடுவேன், நவநீதா? சரி, என்னை விடு. இப்பத்தான் சேர்ந்த பசங்களுக்கு யாரு பாடம் எடுப்பா?"

"என் ஒப்பந்தம் மார்ச்சோட முடியுதுங்க. கையிருப்பு எவ்வளவுன்னுதான் பாப்பாங்க."

"அப்புறம்?"

பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வியை எதிர்கொண்ட மாணவனைப் போல அவன் விழித்தான்.

"அப்புறம்னா... என்னங்க மேடம்?"

அவர் வாயைத் திறந்தார். வெளியே வகுப்பு மணி அடித்தது. பழக்கதோஷம், சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டு மரகதவல்லி எழுந்துகொண்டார்.