சின்னத்தங்கத்தின் அடுப்பு

குருநகரில் எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் செல் விழுந்து வெடிக்கத் தொடங்கியதும், கரையில் இருந்த சனமெல்லாம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு எழும்பி ஓடியது. அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாரி. நான், மனைவி மார்கிரட், பால்குடிப் பிள்ளை, என் தமக்கை மக்டலீன் எல்லோருமாய் சைக்கிளையும் உருட்டிக்கொண்டு, மழையில் ஊறிக்கொண்டு சுன்னாகம் வந்து சேர்ந்தோம். எங்கள் பங்குச் சுவாமியார் சொல்லிவிட்ட வீடு சந்தைக்கும் அப்பால், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. பழைய ஓட்டு வீடு. சுற்றிவரச் செம்மண். மழைத் தண்ணீர் இரத்தம்போல ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வளவில் இருந்த கனகரத்தினம்தான் வீட்டுப் பூட்டின் திறப்பை வைத்திருந்தார். செருப்பை நிலத்தோடு இழுத்து இழுத்து நடக்கிற மனுசன். அவர் வருகிறார் என்பது ஆளைக் காண முன்னமே தெரிந்துவிடும். சர்... சர்... என்று.

"தமக்கையின்ரை வீடு. அவ கொழும்புக்குப் போயிட்டா," என்றார். "முன்னறை, விறாந்தை எல்லாம் பாவியுங்கோ. குசினிக்குள்ளை மட்டும் போகவேண்டாம். சமையலை வெளியிலை வைச்சுக்கொள்ளுங்கோ."

"இந்த மழைக்குள்ளையோ ஐயா?" என்று கேட்டேன்.

மக்டலீன் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன், கரைச் சனம் தொட்டால் உங்கடை அடுப்பு மீன் நாறுமோ?"

அவருடைய முகம் ஒரு மாதிரிப் போனது. "அப்பிடி நினைச்சால் நினையுங்கோ பிள்ளை," என்று திறப்பை என் கையில் வைத்தார்.

பிள்ளைக்கு நெஞ்சுச் சளி. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவில் குழி விழுந்தது. "குளிரும் படக்கூடாது, புகையும் படக்கூடாது. சுடுதண்ணி ஆவி பிடிச்சுக்கொண்டே இருக்கவேணும். இன்னொருக்கால் நெஞ்சு அடைச்சால் பிள்ளை தாங்காது," என்று மருத்துவத்தாதி சொல்லியனுப்பியிருந்தா. வெளியில் அடுப்பு மூட்ட மழை விடாது. அக்கா அன்றைக்கே குசினிக் கதவில் சுற்றியிருந்த கம்பியை அறுத்துவிட்டாள்.

"அவையளுக்கு மட்டுமோ குசினி? நானும் மனுசிதான்."

உள்ளே சுவரோடு சேர்த்துக் கட்டிய, தகரம் இறக்கி வைக்கிற மரத்தூள் அடுப்பு இருந்தது. மேலே புகைக்கூடு. அந்த நாட்களில் மண்ணெண்ணெய் மருந்துக்கும் கிடையாது; பாதிக் குடும்பங்கள் மரத்தூளில்தான் சமைத்தன. ஒரு தகரத்தின் நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிவர மரத்தூளைப் போட்டு இறுக்கி இடித்து, போத்தலைத் திருகி இழுத்துவிட்டால் நடுவில் ஒரு துவாரம் நிற்கும். அடியில் நெருப்பு வைத்தால் அந்தத் துவாரத்தால் எழும்பி, புகையில்லாமல் நெடுநேரம் எரியும்.

அக்கா தூளை இறுக்கினாள். போத்தலை இழுத்தாள். வரவில்லை.

"ஆரப்பா உள்ளை பிடிச்சிருக்கிறது? விடு!" என்று சிரித்தாள்.

போத்தல் வந்துவிட்டது. வந்த வேகத்தில் அக்கா பின்பக்கமாக விழுந்தாள்.

நெருப்புப் பிடித்தது. ஒரு சுவாலை எழும்பி நின்றது. பிறகு, மேலேயிருந்து ஆரோ உள்ளங்கையால் பொத்தியது போல அமுங்கிப் போனது. தடித்த கரும்புகை வந்தது. அது புகைக்கூட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. அடுப்பு விளிம்பால் வழிந்து, நிலத்தில் படுத்து, வாசற்படியைத் தாண்டி நகர்ந்தது.

பிள்ளை படுத்திருந்த அறைப் பக்கம்.

மார்கிரட் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். பிள்ளையின் மூக்குத் துவாரம் இரண்டும் கறுத்துப் போயிருந்தன. துடைத்த துணியை மணந்து பார்த்தேன். மரம் எரிந்த மணம் இல்லை. தலைமயிர் பொசுங்கிய மணம்.

எரியாத எதற்கும் ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும் என்று நம்புகிறவன் நான். முதலில் தூள் ஈரம் என்று நினைத்தேன். மரம் அரிகிற மரக்காலையில் இருந்து கொண்டு வந்த சாக்கை அவிழ்த்து, தகட்டில் பரப்பி, சிரட்டைத் தணலுக்கு மேல் வைத்துக் காயவிட்டேன். கையில் எடுத்தால் மாப்போல உதிர்ந்தது. அப்போதும் அதே புகை. இறுக்கினது போதாது என்று இன்னும் இடித்தேன். துவாரம் சிறிது என்று தடித்த போத்தல் வைத்தேன். ஒன்றும் சரிவரவில்லை. மழை கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து, அதே தகரத்தை, அதே தூளோடு முற்றத்துக்குத் தூக்கிப் போனேன்.

நீலச் சுவாலை எழும்பி நின்று எரிந்தது. மருந்துக்கும் புகை இல்லை.

அப்படியே துணியால் பிடித்து உள்ளே கொண்டுவந்து வைத்தேன். வாசற்படி தாண்டும்போதே அணைந்தது.

"அப்ப தூளுமில்லை, தகரமுமில்லை. புகைக்கூடுதான்," என்றேன்.

"புகைக்கூட்டிலை உன்ரை மூளைதான் அடைச்சுக்கொண்டிருக்கு," என்றாள் அக்கா. ஆனால் அவளுடைய குரலில் பழைய துடுக்கு இல்லை.

கூரையில் ஏறிக் கயிற்றில் கல்லும் சாக்கும் கட்டி இறக்கினேன். தட்டுத் தடங்கல் இல்லாமல் அடிவரை போனது. குருவிக்கூடு இல்லை, இலை இல்லை. கீழே வந்து ஒரு கடதாசித் துண்டைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடித்தேன். காற்று நல்லாய் இழுத்தால் சுவாலை மேலே சாய வேண்டும்.

சுவாலை கீழே சாய்ந்தது.

அடுப்புக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரு வெடிப்பு. சுவாலை அதற்குள் நுழையப் போவதுபோல் நீண்டது. பிறகு மெல்ல நிமிர்ந்து என் பக்கம் வந்தது. பிறகு திரும்பவும் கீழே.

உள்ளே.

வெளியே.

உள்ளே.

கடதாசியைப் போட்டுவிட்டு எழும்பினேன். அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். வெடிப்பில் இருந்து மேல்நோக்கிக் கரிக் கோடுகள். நான்கு நான்காக. கீழே கிடக்கிற ஒரு ஆள் ஏறி வர எத்தனித்து, சுவரை விறாண்டினது போல. அக்கா தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவினாள். மறுநாள் காலை கோடுகள் முழங்கால் உயரத்தில் இருந்தன. அதையும் கழுவினாள். பிறகு இடுப்பளவு. பிறகு அவை குசினியை விட்டு அறைச் சுவருக்கு வந்தன.

பிள்ளையின் ஏணைத் தொட்டில் தொங்கும் உயரத்துக்கு.

நெருப்பு அணையும் ஒவ்வொரு முறையும், பிறகு நெடுநேரம் அடுப்புக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது. டொக். டொக். தகரம் ஆறுகிற சத்தம் என்று நான் சொன்னேன். மார்கிரட் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, தகரம் நீங்கள் வெளியிலை வைச்சிருக்கிறியள்."

அன்றைக்குப் பிள்ளை பால் குடிக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கில் கரி. ஒரு விரல் நுனியால் தொட்டு வைத்தது போல, வட்டமாக ஒரு பொட்டு.

அக்கா குசினி வாசலில் நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கனிசியஸ், அப்பு செத்த அண்டைக்கு எங்கடை வீட்டிலை அடுப்பு மூட்டினதோ?"

"இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்தானே சாப்பாடு தந்தவை."

"ஏன்?"

"பிரேதம் எடுக்கும் வரைக்கும் மூட்டப்படாது. ஆரின்ரை வீட்டிலையும் அப்பிடித்தானே."

அக்கா வெடிப்பைக் காட்டினாள். குரல் இறங்கிவிட்டது.

"அப்ப இந்த வீட்டிலை எடுக்காமல் கிடக்கிற பிரேதம் ஆரின்ரை?"

கனகரத்தினத்தின் வளவுக்கு நான் ஓடினேன். அவர் தாழ்வாரத்தில் குந்தியிருந்து வெங்காயம் சீவிக்கொண்டிருந்தார். அக்கா கேட்டதை அப்படியே கேட்டேன். கத்தி கையில் இருந்து விழுந்தது.

"உங்களை நான் போகவேண்டாம் எண்டல்லோ சொன்னனான்," என்றார்.

"சாதி பாக்கிறியள் எண்டு நினைச்சம்."

"நினைக்கட்டும் எண்டுதான் விட்டனான்." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "போன மாரி. அக்கா சின்னத்தங்கம் உலை வைச்சவ. நானும் அவவின்ரை கையாலைதான் சாப்பிடுறது. சோறு முடிஞ்சால் அகப்பையாலை பானை விளிம்பிலை இரண்டு தட்டுத் தட்டுவா. அந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் போறனான். அண்டைக்குக் குண்டு போடுற பொம்மர் வந்திட்டுது. அடுப்பை எரிய விட்டிட்டு, அகப்பையும் கையுமாய்ப் பங்கருக்குள்ளை இறங்கினவ. குசினிச் சுவருக்குக் கீழாலை போற பதுங்குகுழி. குண்டு தோட்டத்துக்கைதான் விழுந்தது. ஆனால் மண் ஈரம். இடிஞ்சு போச்சு."

"உடனை தோண்டேல்லையோ?"

"ஹெலி மேலை சுத்திக்கொண்டு நிண்டது தம்பி. நான் பனை வடலிக்குள்ளை படுத்திருந்தன். எனக்குக் கேட்டது. கீழையிருந்து தட்டினவ. இரண்டு தட்டு. பிறகு இரண்டு. ஹெலி போச்சு. நான் எழும்பேல்லை. எழும்ப ஏலேல்லை. பின்னேரம்போலை சத்தம் நிண்டிட்டுது. அதுக்குப் பிறகு தோண்டினால்... என்னத்தைச் சொல்லித் தோண்டுறது?"

அவருடைய தோளைப் பிடித்துத் தூக்கினேன். அடிக்கத்தான் மனம் வந்தது. "என்ரை பிள்ளை சாகக் கிடக்குது ஐயா. மண்வெட்டியை எடுங்கோ," என்றேன்.

மழைக்குள், குசினியின் பின்பக்கத்தால் தோண்டினோம். சின்னத்தங்கம் குசினி அடுப்புக்கு நேரே கீழே இருந்தா. எலும்பும் சேலைத் துண்டும்தான். இரண்டு கையும் தலைக்கு மேலே. அகப்பைக் காம்பு அடுப்பின் அடிக் கல்லில் முட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கல்லில் ஒரு குழி விழுந்திருந்தது.

ஊர்ச் சனம் கூடியது. ஒருவரும் கனகரத்தினத்தோடு கதைக்கவில்லை. அவர்தான் சுடலையில் கொள்ளி வைத்தார். அகப்பையும் அந்தச் சிதையிலேயே எரிந்தது. நான் கண்ணால் கண்டேன்.

அடுத்த நாள் அக்கா தகரத்தில் தூளை இறுக்கினாள். போத்தல் சுகமாக வந்தது. நீலச் சுவாலை. புகைக்கூட்டால் மெல்லிய வெள்ளைப் புகை நேரே போனது. பிள்ளை ஆவி பிடித்து, சளி கழன்று, வாய் நிறையப் பால் குடித்தது. மார்கிரட் செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ஒரு மத்தியானம் கனகரத்தினம் செருப்பை இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே வரவில்லை. குசினியின் பின்பக்கம், மூடாமல் விட்ட குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அவ போகேல்லை."

"அடுப்பு நல்லாய் எரியுது ஐயா."

"உங்களுக்கு எரியும். என்னையெல்லோ சாப்பிடக் கூப்பிடுறா." காதைப் பொத்திக்கொண்டார். "கேக்கேல்லையோ உங்களுக்கு?"

மழைச் சத்தம்தான் எனக்குக் கேட்டது.

மறுநாள் விடியலில் அக்கா குசினியில் இருந்து கத்தினாள். போத்தல் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள், வரவில்லை. நான் போத்தலோடு சேர்த்துத் தூளை உடைத்து எடுத்தேன். வேறு தூள் போட்டு நெருப்பு வைத்தேன். அமுங்கிப் போனது. கரும்புகை நிலத்தில் படுத்தது.

பிள்ளையின் அறைக்கு ஓடினேன். பிள்ளை அழுதது. மார்கிரட் எழும்பி உட்கார்ந்தாள். அக்கா என் பின்னால் நின்றாள். எல்லோருக்கும் உயிர் இருந்தது.

அப்போ ஆர்?

பின்பக்கம் போனோம்.

குழி மூடியிருந்தது. மழை கரைத்து மூடினது போல இல்லை. செம்மண், ஆரோ பக்குவம் பார்த்து இடித்து இறுக்கினது போல, விளிம்புவரை மட்டமாக இருந்தது. நட்ட நடுவில் ஒரு வட்டத் துவாரம். போத்தலைத் திருகி இழுத்து எடுத்தது போல.

துவாரத்தில் இருந்து நூல்போல ஒரு புகை எழும்பிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு சோடி செருப்பு.

மண்வெட்டி பட்டுத் தெறித்தது, அவ்வளவு இறுக்கம். தோண்டி எடுத்தபோது கனகரத்தினம் கட்டையாக விறைத்திருந்தார். வாயைத் திறந்தபடி. வாய் நிறையச் சோறு. வெந்த சோறுதான். ஒவ்வொரு பருக்கையும் கரிபோலக் கறுத்திருந்தது.

அவருடைய ஆட்கள் வந்து பிரேதத்தைத் தூக்கிப் போன பிறகு நாங்கள் அங்கே ஒரு நிமிடமும் நிற்கவில்லை. உடுப்பு மூட்டையைக் கட்டினோம். அடுப்புத் தகரத்தை என் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினேன். போகிற இடத்தில் பிள்ளைக்குச் சுடுதண்ணீர் வேண்டும். குசினிக் கதவைக் கம்பியால் சுற்றி இறுக்கினேன். வீட்டுக்குள் ஒரு உயிரும் இல்லை.

வளவின் வாசற்படலையைத் தாண்டியதும் மழை நின்றது. மார்கிரட் பிள்ளையை அணைத்தபடி திரும்பிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, ஆர் சமைக்கினம்?"

புகைக்கூட்டால் வெள்ளைப் புகை போய்க்கொண்டிருந்தது. மெல்லியதாய், நேராய். நன்றாக மூட்டின அடுப்பின் புகை. சோறு வேகிற மணமும் வந்தது. நான் கரியரில் கை வைத்துப் பார்த்தேன். தகரம் அங்கேதான் இருந்தது. குளிர்ந்து போயிருந்தது.

"பாராதை. நட," என்றாள் அக்கா.

நடந்தோம். பின்னால், பூட்டின வீட்டுக்குள் இருந்து, பானை விளிம்பில் அகப்பை தட்டுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

டொக். டொக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு அந்த விறாந்தையில், குசினிப் பக்கமாக, ஆரோ செருப்பை இழுத்து இழுத்து நடந்து போனார்கள்.