கடைசி வளையம்

பக்கத்து வீட்டு நாய் குரைத்துக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

ஜன்னலோரம் நின்று அவள் அதைப் பார்த்தாள். தெருவில் போன சைக்கிள்காரரைக் கண்டு அது வழக்கம்போலக் கழுத்தை நீட்டி, சங்கிலி விறைக்கும்படி முன்னங்கால்களைத் தூக்கி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. சைக்கிளின் மணி கேட்டது. பின்னால் சமையலறையில் கணவன் பாத்திரம் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எதிர் வீட்டு மாடியில் யாரோ துணியை உதறுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. நாயின் குரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. காதில் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தாள். நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் காது இப்படித்தான் சண்டித்தனம் பண்ணும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அவளுக்குச் சோறு போடுவதே அந்தக் காதுதான். பழைய ஒலிநாடாக்களில் படிந்திருக்கும் இரைச்சல், வெடிப்பு, முனகல் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்து, புது இசைத்தட்டு அச்சடிக்கத் தோதாகக் கொடுப்பது அவள் வேலை. வீட்டின் பின்னறைதான் அலுவலகம். இரண்டு வாரமாக அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஒரு ராக் ஆல்பம். ஐம்பது வருடத்துக்கு முன் நீள முடி வைத்த ஐந்து பேர் வாசித்தது. முதல் பக்கம் முழுக்க ஒரே பாட்டு. ஆர்கன் வரும், புல்லாங்குழல் வரும், நினைத்தபோதெல்லாம் தாளம் மாறும், பாடுகிறவன் வாயைத் திறப்பதற்குள் ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடலாம். இதற்கு உலகம் முழுக்கப் பைத்தியங்கள் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பொன்விழாப் பதிப்பு, கனமான தட்டு, புத்தகம்போல விரியும் உறை எல்லாம்.

"இதை வாங்குறவங்க பாட்டைக் கேக்க மாட்டாங்க மேடம், பாட்டுக்கு நடுவுல இருக்கிற அமைதியைத்தான் கேப்பாங்க," என்று கம்பெனிக்காரர் நாடாவைக் கொண்டுவந்து கொடுத்த அன்றே சொல்லியிருந்தார். "ஒரு பொட்டுச் சத்தம் இருக்கக் கூடாது. சுத்தமா வழிச்சு எடுத்துடுங்க." போகும்போது மகளின் கன்னத்தைக் கிள்ளி, "பாப்பாவுக்கு," என்று சாக்லேட் கொடுத்துவிட்டுப் போனார்.

வழித்துத்தான் எடுத்திருந்தாள். இரண்டாம் பக்கத்துப் பாட்டுகளின் இடைவெளிகளில், இரைச்சலுக்கு அடியில், என்னவோ சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. தட்டு முடிந்தபின் யாராவது வந்து எடுக்கும்வரை முள் சுற்றிச் சுற்றி வருமே, அந்தக் கடைசி வளையத்துக்கென்று நாடாவின் முடிவில் விட்டிருந்த துண்டிலும் ஏதோ இருந்தது. எல்லாவற்றையும் துடைத்தாள். துடைத்ததைத் தனியாகச் சேர்த்துவைத்து, ஒலியைக் கூட்டி, ஒரு தடவை கேட்டபிறகுதான் வேலையை அனுப்ப வேண்டும்; அழுக்கோடு சேர்ந்து இசையும் போய்விடக் கூடாது என்பதற்காக அந்த வழக்கம். கம்பெனிக்காரர் வாசலில் நிற்காத குறையாக அவசரப்படுத்தியதால் அவள் இந்த ஒரு முறை கேட்காமலே அனுப்பிவிட்டாள்.

மொத்தமாக அச்சடிக்கும் முன் கேட்டுச் சரிபார்க்க அனுப்பும் சோதனைத் தட்டு இன்று மதியம் கூரியரில் வந்திருந்தது. அதைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேடி ஹாலுக்குப் போனபோதுதான் சுவரைக் கவனித்தாள். கடிகாரத்தைக் காணோம்.

"ஏங்க, கடிகாரத்தை ரிப்பேருக்குக் குடுத்தீங்களா?"

"எந்தக் கடிகாரம்?"

"இங்க மாட்டியிருந்தது. ரெண்டு நாளா முள்ளு ஓடுது, டிக் டிக்னு சத்தமே வரலைன்னு சொன்னேனே."

கணவன் நுரைக் கையோடு எட்டிப் பார்த்தான். "அங்க எப்ப கடிகாரம் இருந்துச்சு? உனக்கு வேலை ஜாஸ்தியாயிடுச்சு. ஒரு வாரம் லீவு போடு."

கிண்டல் செய்கிறான் என்றுதான் நினைத்தாள். ஆனால் சுவரில் ஆணி அடித்த தடமும் இல்லை. வெயில் படாத வட்டம் ஒன்று வெளிறித் தெரிய வேண்டும், அதுவும் இல்லை. கையால் தடவிப் பார்த்தாள். சுண்ணாம்பு வழவழவென்று ஒரே சீராக இருந்தது.

பின்னறையில் மகள் தரையில் குப்புறப் படுத்து, கிரேயானால் மஞ்சள் யானை ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். ஏழு வயது. பள்ளிக்கூடத்துப் பெயர் வேறு, வீட்டில் வாலு. தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேச்சுதான்.

"அம்மா, தட்டு சுத்துறப்ப அதுல எறும்பு ஏறினா அதுக்குத் தலை சுத்துமா?"

"சுத்தும்."

"அப்ப அது வாந்தி எடுத்தா பாட்டு கெட்டுப்போயிடுமா?"

"கண்ணு, அம்மா வேலை பாக்கணும். கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இரேன்."

வாலு உதட்டின் மேல் ஜிப் இழுப்பதுபோல விரலை இழுத்துக் காட்டிவிட்டு யானைக்குத் திரும்பினாள். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

தட்டு நன்றாக வந்திருந்தது. முதல் பக்கம் ஆர்கனில் தொடங்கி ஆர்கனில் முடிந்தது. தட்டைத் திருப்பிப் போட்டாள். பாட்டுகளின் நடுவே கறுப்பான, ஆழமான அமைதி. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி. கடைசிப் பாட்டும் முடிந்து முள் கடைசி வளையத்தில் விழுந்தது. சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்றுமே இல்லை. தன் கைவேலையின் மேல் அவளுக்கே ஒரு கர்வம் வந்தது. ஹெட்போனைக் கழற்றியபோது அறையும் அதே மாதிரி அமைதியாக இருந்தது. மேசைக்கு அடியில் வாலு சமர்த்தாக வரைந்துகொண்டிருந்தாள். சொன்ன பேச்சை இப்படிக் கேட்கும் பிள்ளை இல்லையே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே அவள் காற்று வாங்க வாசலுக்குப் போனாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் நாயைக் காணோம். சங்கிலி இல்லை. தண்ணீர்க் கிண்ணம் இல்லை. நாய் பிறாண்டிப் பிறாண்டிக் குழியாக்கிய இடத்தில் புல் முளைத்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாயை எங்க அனுப்பிட்டீங்க?"

"எந்த நாய்?"

"உங்க நாய்தான்கா."

அக்கா சிரித்துவிட்டார். "எனக்கு நாய்னாலே உதறல். தெருவுல ஒண்ணு வந்தா நான் நாலு வீடு தள்ளிப் போறவ. யாரு வீட்டு நாயைச் சொல்ற?"

அவள் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு உள்ளே வந்தாள். முதலில் சத்தம் போகிறது. அப்புறம் அதுவே போய்விடுகிறது. கடிகாரம். நாய். யாருக்கும் ஞாபகம்கூட இல்லை. தனக்கு மட்டும் ஏன் இருக்கிறது?

கேட்காமல் விட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கணினியில் அந்தத் துடைத்த சத்தங்களைத் தேடி எடுத்தாள். ஒலியை முழுக்கக் கூட்டினாள். ஹெட்போன் காதை அழுத்தியது. அடைமழைபோல இரைச்சல். அதற்கு அடியில், முதல் இடைவெளியில், டிக், டிக், டிக். நடுநடுவே ஒரு டிக் மட்டும் நொண்டும். கல்யாணத்துக்கு வந்த கடிகாரம், பத்து வருடமாகக் கேட்ட நொண்டல். வேறு எந்தக் கடிகாரமாகவும் இருக்க முடியாது. இரண்டாவது இடைவெளியில் நாய் குரைத்தது. முடிக்கும்போது ஊளையாக ஒரு இழுப்பு இழுக்கும் அதே நாய்.

ஐம்பது வருடத்து நாடா. அந்த நாய் பிறந்து ஐந்து வருடம்கூட இருக்காது.

இன்னும் ஒன்று பாக்கி. கடைசி வளையம்.

நிறுத்திவிடலாம் என்று விரல் நகர்ந்தது. நிறுத்தவில்லை. இரைச்சல். இரைச்சல். ஒரு சின்ன மூச்சு. பிறகு மிக அருகில், காதோடு காதாக:

"அம்மா, விட்டுடாதம்மா."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.

மேசைமேல் இருந்த மைக்கின் ஒலி அளவைக் காட்டும் சின்ன முள் துள்ளிக்கொண்டிருந்தது. எழுவதும் விழுவதுமாக, யாரோ பேசப் பேசத் துள்ளுவதுபோல. அறையில் ஒரு சத்தமும் இல்லை. அவள் மெதுவாகக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். வாலு யானையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, கை ஆடியது, கண் விரிந்தது. எவ்வளவு நேரமாகப் பேசிக்கொண்டிருக்கிறாளோ.

"வாலு. சத்தமா பேசு. அம்மாவைக் கூப்பிடு."

வாலு வாயை அகலத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. முள் எகிறி ஓரத்தில் இடித்தது. ஒன்றும் கேட்கவில்லை.

கம்பெனிக்காரருக்கு நம்பர் போட்டாள்.

"அச்சடிக்கிறதை நிறுத்துங்க சார். நான் தப்பா ஒண்ணைத் துடைச்சுட்டேன். திரும்பச் சேத்துத் தரேன்."

"என்ன மேடம் இப்படிக் குண்டைத் தூக்கிப் போடுறீங்க? எல்லாம் அச்சாகி லாரியில ஏத்தியாச்சு. சோதனைத் தட்டு எல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்தானே. கவலையே படாதீங்க, அந்த அமைதிக்கே உங்களுக்குக் கோயில் கட்டலாம்."

"சார், அந்தக் கடைசி வளையத்துல என் பொண்ணு இருக்கா."

அவர் தயக்கமாக, "உங்களுக்குப் பொண்ணு ஏது மேடம்?" என்றார்.

போனை அப்படியே போட்டாள்.

மேசைக்கு அடியில் ஊர்ந்துபோய் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இரண்டு கைகளாலும் சுற்றி வளைத்து, விரல்களைக் கோர்த்து, இறுக்கினாள். தலைமுடியில் சோப்பு வாசனை, விரல்களில் கிரேயான் மெழுகின் வாசனை. நெஞ்சோடு நெஞ்சாக அந்தச் சின்ன இதயம் படபடவென்று அடிப்பது தெரிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து வாலுவுக்கும் பயம் தொற்றிக்கொண்டது. அழ ஆரம்பித்தாள். சத்தமே இல்லாத அழுகையை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. பெற்றவளால் பார்க்க முடிகிற காட்சியா அது? "ஒண்ணுமில்லடா தங்கம், அம்மா இருக்கேன், அம்மா இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஏங்க! இங்க வாங்களேன்!"

"இதோ வரேன், அடுப்பை அணைச்சுட்டு."

சமையலறையில் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துவைக்கும் சத்தம். ஒன்று. இரண்டு.

காத்திருந்தாள். மூன்றாவது வரவில்லை.

கையை இன்னும் இறுக்கினாள். தரையில் கிடந்த காகிதத்தில் மஞ்சள் யானையின் தும்பிக்கை இல்லை. கால்கள் இல்லை. கண்ணெதிரே காகிதம் வெளுத்துக்கொண்டு வந்தது. அங்கே பார்க்கக் கூடாது. மகளை மட்டும் பார்க்க வேண்டும். கண்ணை இமைக்கக் கூடாது. இந்த மச்சம். இந்த ஓட்டைப்பல். இந்தப் புருவம். வாலு நிமிர்ந்து அம்மாவின் கண்ணைப் பார்த்தாள். உதடு அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். முன்பே கேட்டுவிட்டாள்.

"விட மாட்டேன்டா. விட மாட்டேன்."

விடவில்லை. விரல் நகம் சதையில் பதிந்தது. விடவில்லை. மடியில் கனம் இருந்தது. கொஞ்சம் இருந்தது. சோப்பு வாசனை இருந்தது.

வாசனை.

விளக்கைப் போட்டுக்கொண்டு கணவன் அறை வாசலில் வந்து நின்றான். கையைத் துண்டில் துடைத்தபடி, மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தவளைக் குனிந்து பார்த்தான்.

"கூப்பிட்டியே, என்ன?" என்றான். "ஏன் கையை அப்படி வட்டமா வச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

அவள் கோர்த்த விரல்களைப் பிரிக்கவில்லை. கைகளுக்கு நடுவே இன்னும் சூடு இருந்தது. தலைக்கு மேலே மேசையில், மைக்கின் சின்ன முள் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது.