விளக்கை அணைக்க வருகிறவர்

லூபோக் சீனா சாலையிலிருந்து செம்மண் பாதை பிரியும் இடத்தில் திருச்செல்வம் மோட்டார்சைக்கிளோடு காத்திருந்தான். பவானேஸ்வரி தன் பழைய வேனை அவன் பின்னால் விட்டாள். பாதையின் இருபுறமும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள். வெயில் ஓலைகளுக்கு மேலேயே தங்கிவிட, கீழே ஈரமும் அழுகிய பழக்குலை வாடையும் தேங்கியிருந்தன.

பவானேஸ்வரிக்கு மஸ்ஜித் தானா பட்டணத்தில் ஒரு சின்னக் கணினிக் கடை இருந்தது. செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலையை விட்டுவிட்டு, தொண்ணூற்றாறில் திறந்த கடை. திருச்செல்வத்தின் கணினியை அவள்தான் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தாள். விளையாடுவதற்கென்றே அவன் கேட்டு வாங்கியது. அதுதான் இப்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகிறது. கடைக்குத் தூக்கி வந்தான். கடையில் நாள் முழுக்க ஓடியது. வீட்டுக்குப் போனதும் அணைந்தது. மறுபடி தூக்கி வந்தான். மறுபடியும் ஓடியது.

"ஒரு தடவ வீட்டுக்கு வந்து பாருங்கலா அக்கா. நான் சும்மா சொல்றேன்னு நெனைக்கிறீங்க."

"பழைய வீடுதானே தம்பி? வயரிங்தான் கோளாறா இருக்கும்" என்று சொல்லித்தான் அவள் கிளம்பினாள்.

வீடு பழையதுதான். பலகைச் சுவர், துருப்பிடித்த தகரக் கூரை, முன்னால் அகலமான வராந்தா. ரப்பர் பால்மரத் தோட்டமாக இருந்த காலத்தில், தோட்ட ஆபீசையும் ஆட்களையும் மேய்த்த பெரிய கிராணி குடியிருந்த வீடு. தோட்டம் கைமாறி, மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை இடித்துவிட்டார்கள். கிராணி வீடு மட்டும் நின்றது. யாரும் குடிபோக முன்வராமல் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்ததை, நாற்றங்காலில் வேலை செய்த இருசம்மாள் கேட்டு வாங்கினாள். அவளும் மகன் திருச்செல்வமும் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

"வாம்மா. உக்காரு. தேத்தண்ணி போடறேன்" என்றாள் இருசம்மாள். அறுபதைத் தொடும் வயது. பேசும்போது நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசினாள்.

கணினி முன்னறையில் இருந்தது. பவானேஸ்வரி பெட்டியைத் திறந்தாள். தூசி ஊதினாள். விசிறி தடங்கலில்லாமல் சுற்றியது. நினைவகப் பலகைகளைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகினாள். சுவர் பிளக்கில் மீட்டரை வைத்துப் பார்த்தாள். மின்சாரம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கொண்டு வந்திருந்த புதிய பவர் சப்ளையையும் மாற்றினாள். திருச்செல்வத்தை விளையாடச் சொன்னாள். திரையில் விமானங்கள் சீறின. குண்டுகள் வெடித்தன. தேநீர் ஆறியது, இன்னொன்று வந்தது, கணினி அணையவில்லை.

"பாத்தியா? பவர் சப்ளைதான் ரோசாக், கெட்டுப்போச்சு. மாத்தியாச்சு. முடிஞ்சிருச்சு."

திருச்செல்வம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மரங்களுக்கிடையில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது.

"பக்கத்து மலாய்க் கம்போங் பள்ளிவாசல்ல மஃரிப் பாங்கு சொல்லட்டும்" என்றாள் இருசம்மாள் வாசற்படியிலிருந்து. "அதுக்கப்புறம் சொல்லும்மா, முடிஞ்சுதா இல்லியான்னு."

தூரத்தில் அந்தித் தொழுகைக்கான பாங்கு எழுந்து அடங்கியது. திருச்செல்வம் விளக்கைப் போட்டான். வெளியே பூச்சிகள் இரையத் தொடங்கின.

பிறகு அவை ஒரேயடியாக நின்றன.

பவானேஸ்வரிக்கு முதலில் வந்தது வாடைதான். சுருட்டு வாடை. அந்த வீட்டில் புகைப்பவர் யாரும் இல்லை.

அடுத்து ஒரு சத்தம். மரங்களுக்குள் எங்கோ, பலகையில் பிரம்பால் தட்டுகிற சத்தம். ஒரு தட்டு. சற்று இடைவெளி. இன்னொரு தட்டு, கொஞ்சம் கிட்டத்தில். வரிசையாக உள்ள வீடுகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு யாரோ நடந்து வருவது போல.

அங்கே வரிசையாக வீடுகள் இல்லை. இடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

"அக்கா," திருச்செல்வம் கிசுகிசுத்தான். "சுவிட்சப் பாருங்க."

அந்தக் காலத்துப் பெட்டி அது. முகப்பில் பெரிய பொத்தான். அழுத்தினால் உள்ளே போய் நிற்கும். அணைக்க மறுபடி அழுத்தினால்தான் வெளியே வரும். உள்ளே ஏதாவது கெட்டுப்போய்க் கணினி அணைந்தால், பொத்தான் அழுந்தியபடியேதான் இருக்கும்.

தட்டும் சத்தம் வீட்டுப் பலகையில் கேட்டது. வராந்தாவைக் கடந்தது. அறைக்குள் குளிர் ஏறியது.

பொத்தான் இன்னும் கொஞ்சம் உள்ளே அமுங்கியது.

அதன் கிட்டத்தில் யாருடைய கையும் இல்லை.

டக்.

பொத்தான் வெளியே வந்தது. திரை இருண்டது. விசிறி மெதுவாக நின்றது.

பவானேஸ்வரியின் வேன் சாவி மேசைமேல்தான் இருந்தது. எழுந்து போய்விடலாம். ஆனால் அந்தப் பொத்தானைப் பார்க்கப் பார்க்க, பயத்துக்கு அடியில் வேறொன்று மெல்லச் சூடேறியது. தன் கையால் பூட்டிய கணினி அது. அணைக்க இவன் யார்?

அவள் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டிக்குள் கைவிட்டுப் பொத்தானுக்குப் போகும் வயர்களைக் கழற்றி, நேரடியாக முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றினாள். அவசரத்தில் டேப் கோணலாக விழுந்தது.

"இனிமே இதுக்கு சுவிட்சே கெடயாது. எங்க அழுத்துறதுன்னு பாப்போம்."

பிளக்கைச் செருகிச் சுவர் சுவிட்சைப் போட்டதும் கணினி உயிர்பெற்றது.

சுருட்டு வாடை இப்போது அவள் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது. யாரோ குனிந்து பார்ப்பது போல.

சுவர் சுவிட்ச் மேலேறியது. டக்.

அவள் அதைக் கீழிறக்கி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். திரையில் எழுத்துகள் ஓடின. ஒரு கணம் எல்லாம் அமைதியாக இருந்தது.

பிறகு கூடத்தில் கனமாக ஒரு சத்தம். வீடு முழுக்க இருண்டது.

"மெயின்," என்றான் திருச்செல்வம். அவன் குரல் உடைந்திருந்தது. "இதுவரைக்கும் மெயின அணைச்சதில்ல. அம்மா, போயிரலாம்மா. இந்த வீடு வேணாம்."

இருட்டில் ஒரு குரல் கேட்டது. வயதான ஆணின் குரல். உரக்க இல்லை, உரக்கப் பேசத் தேவையே இல்லாதவனின் குரல்.

"எவன் வீட்ல வெளக்கு எரியுது?"

திருச்செல்வம் நாற்காலியோடு சரிந்தான். பவானேஸ்வரி அவன் தோளைப் பற்றிக்கொண்டாள். மூச்சு விடுவதே சத்தமாகக் கேட்டது.

அப்போது தீக்குச்சி உரசும் சத்தம். இருசம்மாள் வாசற்படியிலிருந்து எழுந்து வந்து, கூடத்தின் நடுவில் மெழுகுவத்தியோடு நின்றாள். அவள் முகத்தில் ஒரு பாதி மட்டும் தெரிந்தது.

"என் வீட்ல," என்றாள்.

சுடர் வளைந்து அணைந்தது. ஜன்னல்கள் மூடித்தான் இருந்தன.

அவள் மறுபடி உரசினாள். அணைந்தது. மறுபடி.

"ஊது. பொட்டில நெறய குச்சி இருக்கு. எனக்கென்ன, நாளைக்கு வேலயா வெட்டியா?"

பலகைச் சுவரில் பிரம்பு ஓங்கி விழுந்தது. தூசி உதிர்ந்தது. பவானேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

இருசம்மாளின் குரல் உயரவில்லை.

"அன்னிக்கும் இப்படித்தான தட்டுன, கிராணி. எம் மூத்த புள்ள ஜன்னி வந்து துடிச்சுக்கிட்டு கெடந்தான். மணியாச்சுன்னு லயத்துக்கு கரண்ட நீ அணைச்சிட்ட. மண்ணெண்ண வெளக்கு ஏத்தி வச்சிருந்தேன். உள்ள வந்து ஊதி அணைச்ச. நெருப்புப் புடிச்சிரும், தோட்டத்து ரூல்ஸுன்ன. கால்ல விழுந்தேன். கேட்டியா? இருட்டுல எம் மடியிலயே போயிட்டான். கடைசியா அவன் மொகத்தக்கூட பாக்க வுடல நீ."

தீக்குச்சி எரிந்து அவள் விரலைத் தொட்டது. அவள் அதை உதறவில்லை.

"எல்லாரும் கேட்டாங்க, ஏன் இருசம்மா அந்த வீட்டக் கேட்டு வாங்குறேன்னு. தெரிஞ்சுதான் வாங்குனேன். நீ செத்தும் இங்கதான் சுத்துறன்னு தெரிஞ்சுதான். உன் தோட்டம் போச்சு, வெள்ளக்கார துர போயிட்டாரு, காலயில பேர் கூப்புடற பெரட்டு கெடயாது. நீ யாரு எனக்கு? பவானி, மெயினப் போடும்மா!"

மெயின் சுவிட்ச் கூடத்துச் சுவரில், வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. பவானேஸ்வரி, இருசம்மாள் தீக்குச்சியோடு நிற்பதைப் பார்த்தாள். சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் குளிர் கூடியது. சுருட்டு வாடையோடு, நனைந்த தோல் பூட்ஸின் வாடையும் சேர்ந்து வந்தது.

இரும்புப் பெட்டி கைக்குத் தட்டுப்பட்டது. நெம்புகோலைப் பிடித்தாள்.

அதன்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

ஒல்லியான, காய்ந்த விரல்கள். ஒரு விரலில் மோதிரம். அவள் கை பட்டதும் அவை விலகவில்லை. அவள் விரல்களுக்கு மேலாக ஒவ்வொன்றாக ஏறி இறுகின. கீழே அழுத்தின.

அவள் அலறினாள். ஆனால் விடவில்லை.

"விடு. என் வேலய செய்ய வுடு. விடுய்யா!"

இன்னொரு கையையும் கொடுத்து, தோளை முட்டுக்கொடுத்து, அவள் மேலே தள்ளினாள். அந்த விரல்களின் நகங்கள் அவள் மணிக்கட்டில் பதிந்தன. காதுக்கருகில் மூச்சு இரைந்தது, வெப்பமே இல்லாத மூச்சு. பின்னாலிருந்து இன்னொரு சோடிக் கைகள் வந்து அவள் கைகளோடு சேர்ந்துகொண்டன. திருச்செல்வத்தின் கைகள். வெதுவெதுப்பாக, வியர்த்திருந்தன. அவன் அழுதுகொண்டே தள்ளினான்.

நெம்புகோல் மேலேறியது.

வீடு முழுக்க வெளிச்சம். முன்னறையில், சுவிட்சே இல்லாத கணினி தானாக எழுந்து இரைந்தது. வாசற்கதவு சுவரில் போய் மோதித் திறந்துகொண்டது. ஏதோ ஒன்று அவர்களைக் கடந்து வெளியே போனதைப் பவானேஸ்வரி உணர்ந்தாள். அது ஓடவில்லை. நடந்துதான் போனது.

வெளியே பூச்சிகள் மறுபடி இரையத் தொடங்கின.

இருசம்மாள் கதவைச் சாத்தவில்லை. வாசலுக்கு வந்து, வராந்தா விளக்கையும் போட்டாள். பவானேஸ்வரியின் மணிக்கட்டைப் பார்த்தாள். நான்கு நீலத் தடங்கள். மஞ்சளைக் குழைத்துப் பூசினாள்.

"நீ ஓடிருவேன்னு நெனச்சேன்," என்றாள்.

"நானும்தாம்மா."

அன்று திருச்செல்வம் விமானங்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டே இருந்தான். சத்தத்தைக் கூட்டி வை என்று அவன் அம்மாவே சொன்னாள்.

கணினி அதன் பிறகு அணையவில்லை. பவானேஸ்வரி கடையில் பேச்சோடு பேச்சாகக் கேட்டபோதெல்லாம் திருச்செல்வம் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். வீடு மாறுவதைப் பற்றி அவன் பேசவில்லை. ஆனால் அந்தக் கணினியைச் சுவிட்ச் இல்லாமல் அப்படியே விட்டுவைக்க அவளுக்கு மனமில்லை. ஒரு புதிய கணினிப் பெட்டி வந்ததும், ஒரு சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனாள்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. வீட்டில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. உள்ளே குண்டு வெடிக்கும் சத்தமும் திருச்செல்வத்தின் கத்தலும் கேட்டன. இருசம்மாள் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா. அந்தப் பக்கமா வராத. இப்படிச் சுத்தி ஏறு."

பவானேஸ்வரிக்குப் புரியவில்லை. சுற்றி வந்து படியேறி அவள் பக்கத்தில் நின்றாள். அப்புறம்தான் பார்த்தாள்.

வராந்தா விளக்கின் வெளிச்சம் விழுந்த இடமெங்கும் ஈசல். மழைக்குப் பிந்தைய ஈசல், கூட்டம் கூட்டமாக, வாசலையே மறைத்துக்கொண்டு பறந்தது. சிறகுகள் உதிர்ந்து தரையெல்லாம் பரவின. எங்கு பார்த்தாலும் ஈசல்.

ஓரிடத்தில் மட்டும் இல்லை.

படிக்கு நேர் எதிரே, ஒரு ஆள் உயரத்துக்கு, ஒரு ஆள் அகலத்துக்கு, அந்தக் கூட்டத்தின் நடுவே வெறும் காற்று. ஈசல்கள் அதன் ஓரம்வரை வந்து, வளைந்து, விலகிப் போயின. தலை எது, தோள் எது என்றுகூடச் சொல்ல முடிந்தது.

"அம்மா..."

"தெரியும்," என்றாள் இருசம்மாள். அவள் கண் அந்த இடத்தைவிட்டு அகலவில்லை. "நிக்கட்டும். வெளியவே நிக்கட்டும்."

அவள் நாற்காலியைப் படிக்கு நேராக இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

ஈசல்களுக்கு நடுவே இருந்த அந்த வெற்றிடம், மெல்ல, ஓர் அடி முன்னால் வந்தது.