அச்சமறி குழாய்

முளைகட்டிய கம்பை வறுத்து அரைத்து, நார்த்தங்காய்த் தோலோடு காய்ச்சி, ஆறியதும் ஈஸ்ட் தூவி மூடினாள் மிருதுளா. பதினோராம் நாள் வாசத்தை வைத்தே பதம் சொல்லிவிடுவாள். பொள்ளாச்சியில் அவள் கைப்பக்குவத்துக்கு அப்படி ஒரு பேர். காய்ச்சுவது அவள், ஊற்றிக் கொடுப்பது கணவன் கவின்ராஜ்.

அந்தப் பதினோராம் நாள் மாலை, மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

"நுரை ரெண்டு வெரலுக்கு மேல நின்னுதுன்னா, அப்பறம் பாத்துக்க," என்று சொல்லிவிட்டு அவன் சட்டை மாற்றப் போனான். குரலை உயர்த்துகிற ஆளே இல்லை அவன். அடிக்கிறவன் எதற்குக் கத்த வேண்டும்?

மதுக்கடைகளை மூடி முப்பது வருடமாகிறது. வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்ளலாம், ஆனால் பீப்பாயில் அரசு தரும் அச்சமறி குழாய் இருக்க வேண்டும். அறையில் இருப்பவர்களின் நெஞ்சுத்துடிப்பை அது கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருவருக்குப் பயம் இருந்தாலும் போதும், சொட்டுக்கூட விடாது. குடித்துவிட்டு வீட்டில் கை நீட்டுகிறவர்களுக்காக வந்த சட்டம். நல்ல சட்டம்தான், யார் இல்லையென்றார்கள்! மறுவருடமே ‘சாந்தவில்லை’ என்கிற மாத்திரையும் வந்துவிட்டது. போட்டுக்கொண்டால் மனம் பதறினாலும் நெஞ்சு பதறாது. மருந்துக்கடையில் பெண்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை, இரண்டு விரலைக் காட்டினால் பொட்டலம் வந்துவிடும். குழாய் திறக்காத வீட்டோடு யார் சம்பந்தம் வைத்துக்கொள்வார்கள்?

போன மாதம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபோது, அங்கே தொட்டதும் குழாய் திறந்தது. அந்த வீட்டில் இருப்பது மாப்பிள்ளை நிலவனும் அவன் அம்மா ஓவியாவும் மட்டும்தான். ஓவியாவின் கணவர் இறந்து நான்கு வருடமாகிறது. பெற்ற பிள்ளைக்கு எந்தத் தாயாவது பயப்படுவாளா? தன் மகள் தென்றல் வில்லை போடாமல் வாழப்போகிறாள் என்று மிருதுளா திரும்பும் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மகளுக்காக அவள் சாமியிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மாலையில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கவின்ராஜ் கண்ணாடித் தம்ளரைச் சாய்த்துப் பிடித்துக் குழாயை அழுத்தினான். வரவில்லை. மறுபடி அழுத்தினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"பழைய மெசினுங்க, அடிக்கடி இப்படித்தான்," என்று சிரித்தவன் மிருதுளாவை ஒரு பார்வை பார்த்தான். ஐந்து மணிக்கே அவள் வில்லை போட்டிருந்தாள், ஆனாலும் இன்று நெஞ்சு அடங்கவில்லை. தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் நுழைந்தாள். பின்னாலேயே ஓவியா வந்தாள்.

"ஒண்ணுதான் போட்டீங்களா சம்பந்தி?" கைப்பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்து இரண்டு வில்லைகளைப் பிதுக்கினாள். "இந்தாங்க, சட்டுனு கேக்கும். நானெல்லாம் இப்ப மூணு போடறனுங்க."

மிருதுளா கையை நீட்டி வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"உங்க வீட்ல நீங்களும் தம்பியும் மட்டுந்தானுங்களே?"

ஓவியா பட்டையை அவசரமாகப் பைக்குள் திணித்தாள். "கல்யாணம் ஆச்சுன்னா சரியாயிருவானுங்க."

"எங்க அத்தையும் இதையேதான் சொன்னாங்க."

இரண்டு வில்லைகளையும் தொட்டிக்குள் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள் மிருதுளா. கூடத்துக்குப் போய்ப் பீப்பாய்ப் பக்கத்தில் நின்றாள். கவின்ராஜ் இன்னும் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"விடுங்க. மெசின்ல ஒரு கோளாறும் இல்லீங்க. எனக்குப் பயமா இருக்குது. உங்களப் பாத்து இருவத்துநாலு வருசமாப் பயமா இருக்குது."

கவின்ராஜின் கை குழாயிலேயே நின்றுவிட்டது. மிருதுளா மகளைப் பார்த்தாள். "தென்றல், இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாஞ் சாமி."

"என்னங்க பேசறீங்க?" நிலவன் எழுந்துவிட்டான். "எங்க வீட்ல குழாய் தெறந்தத நீங்களே பாத்தீங்கல்ல? எங்கம்மாவக் கேளுங்க. அம்மா, சொல்லுமா!"

ஓவியா சமையலறை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகனைப் பார்க்காமல் தென்றலைப் பார்த்தாள்.

"எனக்கும் பயந்தான் கண்ணு," என்றாள்.