பதினோரு பேர் குடியிருந்த வீடு

ஏரிக்கரை அடுக்ககத்தின் நூற்றுப்பதினான்காம் எண் வீட்டில் பதினோரு பேர் திருட்டுத்தனமாகக் குடியிருப்பதாகக் குடியறிவான் புகார் அனுப்பியபோது, அந்த வீட்டில் அம்சவேணி மட்டும்தான் இருந்தாள். கணவன் ஏகாம்பரம் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அழுகை இன்னும் வரவில்லை. வேறு எதுவும்கூட வரவில்லை.

குடியறிவான் என்பது அரசு வீடுகளின் வாசற்காலுக்கு மேல் பதித்த சின்னப் பெட்டி. ஒதுக்கீடு வாங்கியவர்கள் வேறெங்கோ வசதியாக இருந்துகொண்டு வீட்டை உள்வாடகைக்கு விடுவதைப் பிடிப்பதற்காக அதைச் செய்தார்கள். காலடியை வைத்து இன்னார் என்று ஆளைப் பிரித்துவிடும். வந்தவர் விருந்தாளியா, குடியிருப்பவரா என்று தெரிய ஒரு சுலபமான வழி வைத்திருந்தார்கள். வரும்போது "வாங்க", போகும்போது "வரேன்" என்ற இரண்டு சொல்லும் கேட்டால் விருந்தாளி. இரண்டும் இல்லாமல் வந்து போகிறவர் அந்த வீட்டில் குடியிருக்கிறார். வாடகைக்கு வந்தவனை எத்தனை நாளைக்குத்தான் "வாங்க, வாங்க" என்று வரவேற்க முடியும்? மூன்றாம் நாளே சலித்துவிடும். நாலாயிரம் பேர் அப்படித்தான் சிக்கினார்கள்.

சரிபார்ப்பு அதிகாரி தணிகாசலம் மத்தியானம் வந்தார். கதவு திறந்தே இருந்தது. அம்சவேணி நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

"பதினோரு பேர் உள்ள இருக்கிறதா புகார் வந்திருக்கும்மா. நாளைக்குப் பத்து மணிக்குக் கதவு தானாப் பூட்டிக்கும். யார் அவங்க?"

"சோறு கொண்டாந்தவங்க" என்றாள்.

பக்கத்து வீட்டு ரமீஜா தூக்குவாளியோடு உள்ளே வந்தாள். "எழவு வீட்ல அடுப்பு மூட்டுவாங்களா சார்? ஆளுக்கு ஒரு வேளைன்னு நாங்கதான் மாத்தி மாத்திக் கொண்டாறோம்."

"வரும்போது இவங்க வாங்கன்னு சொல்லலியா?"

"எழவு வீட்ல யார் சார் வாங்கன்னு சொல்லுவா? போறவங்களும் வரேன்னு சொல்லக்கூடாது. திரும்பவும் துக்கத்துக்கு வரேன்னு ஆயிடும். பேசாம எந்திரிச்சுப் போயிடுவோம்."

தணிகாசலத்துக்கு அது தெரியாததல்ல. பெட்டிக்கு அந்த இரண்டு சொல் விதியை வகுத்த குழுவில் அவரும் இருந்தார். கல்யாணம், காதுகுத்து, பண்டிகை என்று எல்லாவற்றையும் யோசித்தார்கள். சாவை யாரும் யோசிக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

புகாரை அதிகாரி கையால் அழிக்க முடியாது. அப்படி அழிக்க முடிந்த காலத்தில் சிபாரிசு உள்ளவர்கள் மட்டும் தப்பித்தார்கள். அதனால் ஒரே வழிதான் இருந்தது. பதினோரு பேரும் திரும்ப வந்து, அந்த இரண்டு சொல்லும் பெட்டியின் காதில் விழ வேண்டும்.

"அது ஆகாது சார்" என்றாள் ரமீஜா. பிறகு அம்சவேணியைப் பார்த்தாள். "வீடு போச்சுன்னா எங்கேக்கா போவே?"

"தெரியல" என்றாள் அம்சவேணி. பயம்கூட வரவில்லை அவளுக்கு.

நாலு மணிக்குப் பதினோரு பேரும் மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள். அம்சவேணி வாசலில் நின்று பதினோரு முறை "வாங்க" என்றாள். ரேஷன் கடையில் எண் கூப்பிடுகிற குரல்தான் அது. அவர்கள் உள்ளே போய் நின்று, தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராக "வரேன்" என்று வெளியே வந்தார்கள். ஒருத்தி சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். பெட்டியில் சிவப்பு அணைந்து பச்சை வந்தது.

தணிகாசலம் கடைசியாக எழுந்தார். ஏகாம்பரத்தின் படத்துக்கு முன்னால் அகல் எரிந்துகொண்டிருந்தது. பதினோரு பேரைச் சொல்ல வைத்தவருக்கு அந்தப் படத்தைப் பார்த்தபிறகு "வரேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் பத்தரைக்கு அவர் கைபேசியில் செய்தி வந்தது. 'எண் 114. இந்த வீட்டில் பதிவில்லாத ஆண் ஒருவர் குடியிருப்பு. பெயர்: தணிகாசலம், சரிபார்ப்பு அதிகாரி. இரண்டாவது புகார் என்பதால் அவகாசம் இல்லை. வீடு பூட்டப்பட்டது.' அதிகாரிக்கும் விலக்குக் கூடாது என்று அந்தக் குழுவில் வாதாடியவரும் அவர்தான்.

மூச்சிரைக்கப் படியேறினார். கதவு பூட்டியிருந்தது. அகலின் எண்ணெய் வாசனை கதவிடுக்கில் வந்தது. பெட்டியை அண்ணாந்து பார்த்து, "வரேன்" என்றார். இன்னொரு முறை உரக்கச் சொன்னார். உள்ளே இருப்பவர் வெளியே போகும்போது சொன்னால்தான் அது கணக்கு. சிவப்பு அப்படியே இருந்தது.

அம்சவேணி படிக்கட்டில் துணிமூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் மூட்டையை நகர்த்தி இடம் விட்டாள்.

"வாங்க சார்" என்றாள். "உட்காருங்க."